தூக்கும் புங்குஸும்: ஆயர் ஈத்தாமின் அன்றாடக் கலங்கள் குறித்து ஒரு திறனாய்வு

அன்றாடம் கையாளும் பொருள்களைத் திறனாய்வுக்கு உரியனவாகக் கருதும் வழக்கம் தமிழ்ப் புலமையுலகில் இன்னும் வேரூன்றவில்லை. கவிதையை ஆராய்கிறோம், கோயிற் சிற்பத்தை ஆராய்கிறோம், நாட்டார் பாடலையும் ஆராயத் தொடங்கிவிட்டோம். சோறு கொண்டுசெல்லும் பாத்திரத்தை மட்டும் ‘புழங்குபொருள்’ என்னும் தலைப்பின்கீழ்ப் பட்டியலிட்டு, அளவையும் உலோகத்தையும் குறித்துவிட்டு அப்பால் நகர்ந்துவிடுகிறோம். அப்பாத்திரமும் ஓர் ஆக்கமே. அதற்கும் ஒரு கட்டுக்கோப்பு உண்டு. அது செவ்வனே அமைந்ததா என வினவவும் இடமுண்டு. பினாங்கின் ஆயர் ஈத்தாம் வட்டாரத்தில் உணவும் பானமும் கைமாறுவதற்குப் பயன்பட்ட, பயன்படுகின்ற கலங்கள் சிலவற்றை இக்கட்டுரை அந்நோக்கில் அணுக முற்படுகிறது.

சூழலுக்கு இசைந்த பொருள் எது என்னும் பேச்சு எழும்போதெல்லாம், அது எதனால் ஆனது என்று கேட்கவே நாம் பழகியுள்ளோம். நெகிழி தீது, துணி நன்று, தாள் நன்று, மூங்கில் மிக நன்று என்பது பள்ளிக் கட்டுரைகளில் வாய்பாடாகவே ஆகிவிட்டது. மூலப்பொருள் குறித்த இவ்வினா தேவையற்றது என்பதன்று நம் கருத்து. அது இரண்டாவதாகக் கேட்கப்பட வேண்டிய வினா. வீட்டைவிட்டுச் சென்ற பொருள் வீட்டிற்கு மீளுமாறு அமைக்கப்பட்டுள்ளதா என்பதே முதல் வினாவாதல் வேண்டும். ஆயர் ஈத்தாமில் நாம் காணும் கலங்கள் இவ்வினாவிற்கு வெவ்வேறு விடைகளைத் தருகின்றன.

நுகர்வோரும் பயனீட்டாளரும்

பொருள்களுக்குச் செல்லுமுன் ஒரு சொல்லைக் கருதுதல் தகும். தமிழகத்தில் ‘நுகர்வோர்’ என வழங்கப்படுவோரை மலேசியத் தமிழ் ‘பயனீட்டாளர்’ என்கிறது. 1969இல் தோன்றிய பினாங்குப் பயனீட்டாளர் சங்கம், 2019இல் மறைந்த எஸ்.எம். முகமது இத்ரிஸ் அவர்களின் நெடுங்காலத் தலைமையில், தமிழிலும் வெளியீடுகள் கொணர்ந்து இச்சொல்லை இங்குள்ள தமிழர் நாவில் நிலைபெறச் செய்தது. நுகர்தல் என்பதற்கு அனுபவித்தல், உண்ணுதல் எனப் பொருள். நுகரப்பட்டது தீர்ந்துபோகும். பயனீட்டாளரோ பயனை ஈட்டுபவர். ஈட்டப்படுவது பயனேயன்றிப் பொருளன்று. பயனை ஈட்டிய பின்னும் பொருள் எஞ்சியிருக்க இச்சொல் இடந்தருகிறது. ‘பயன்படுத்துவோர்’ எனப் பொருள்படும் ‘பெங்குனா’ என்னும் மலாய்ச்சொல் அருகே வழங்கியதும் இந்நாட்டார் இச்சொல்லைத் தேர்ந்தமைக்கு ஒரு காரணமாகலாம். எவ்வாறாயினும், இரு சொற்களுள் நம்முடையதே இவ்வாராய்ச்சிக்கு ஏற்றது.

‘நிலைத்தன்மை’, ‘பேண்தகைமை’, ‘வளங்குன்றாமை’ எனப் பலவாறு நாம் மொழிபெயர்த்துவரும் கருத்தைப் பற்றியும் ஒரு சொல். இவற்றுள் ‘நிலைத்தன்மை’ பாடநூல்களில் மிகுதியாகப் பரவியுள்ளது. எனினும் அச்சொல் ஒரு பொருள் அசையாது நிற்பதான தோற்றத்தைத் தருகிறது. நெகிழிப்பையும் நிலைத்து நிற்பதுதான். அதுவே அதன் குற்றம். நிலைபேற்றுப் பொருளாதாரம் பற்றி 1945இல் நூல் வெளியிட்ட ஜே.சி. குமரப்பா கருதியது பொருளின் நிலைபேற்றையன்று, இயற்கையின் சுழற்சியோடு பொருந்திய வாழ்வின் நிலைபேற்றையே. ‘பேண்தகு’ என்பது இவ்வகையில் மேலானது. பேணுதற்கு ஒருவர் வேண்டும் என்பதை அது மறைக்கவில்லை.

கட்டித் தொங்கவிடப்பட்ட தேநீர்

ஆயர் ஈத்தாம் மலையடிவார ஊர். மேலே கெக் லோக் சீ ஆலயம். அதன் அடியில் சந்தை. சற்றுத் தள்ளிப் பினாங்கு மலை இரயிலின் கீழ்நிலையம். 1923 முதல் இயங்கிவரும் அவ்விரயில், இறங்கும் பெட்டியின் எடையைக் கொண்டு ஏறும் பெட்டியின் சுமையைக் குறைக்கும் அமைப்புடையது. 2011இல் தண்டவாளமும் பெட்டிகளும் மாறியபோதும் இக்கோட்பாடு மாறவில்லை. போவதும் வருவதும் ஒன்றையொன்று தாங்குமாறு அமைத்தலே அறிவார்ந்த வடிவமைப்பு என்பதற்கு இவ்வூரிலேயே பெரியதோர் எடுத்துக்காட்டு நிற்கிறது. அதன் நிழலில் உள்ள சந்தையிலோ போவது மட்டுமே உண்டு.

சந்தையையொட்டிய கடைகளில் தேநீரைக் கட்டித்தரும் முறையை நோக்குவோம். மெல்லிய, ஒளி ஊடுருவும் நெகிழிப்பை. அதில் சூடான தேநீர். பையின் வாயை ஒருபுறமாகச் சுருக்கி ராஃபியா நாரால் இறுக்கி, மறுமூலையில் உறிஞ்சுகுழல் நுழையுமளவு இடைவெளி விட்டு, நாரின் எஞ்சிய பகுதியை வளையமாக்கித் தருகின்றனர். மலாயில் ‘இக்காட் தெப்பி’, ஓரத்தில் கட்டுதல், என்பர். கடைக்காரரின் விரல்கள் இதைச் சில நொடிகளில் முடித்துவிடும். வளையம் மோட்டார் சைக்கிளின் கொக்கியில் மாட்டிக்கொள்ளும். குண்டுங்குழியுமான சாலையிலும் தேநீர் சிந்தாது. நூறு பைகள் ஓர் உள்ளங்கையில் அடங்கும். கலத்தின் விலை ஏறக்குறைய ஒன்றுமில்லை.

இஃது அறிவற்ற வடிவமைப்பு என்று எவரும் கூறிவிட முடியாது. மிகக் குறைந்த பொருளைக் கொண்டு மிகுந்த பயனை விளைவித்தல் என்னும் அளவுகோலை மட்டும் வைத்தால், உலக வடிவமைப்புக் கண்காட்சிகளில் பரிசுபெறும் பல பொருள்களை இப்பை விஞ்சிவிடும். எனினும் இதற்கு ஒரு விந்தையான குறை உண்டு. இதற்கு நிற்கத் தெரியாது. மேசைமேல் வைத்தால் சாய்ந்து ஒழுகும். கையில் பிடிக்க வேண்டும் அல்லது ஆணியில் மாட்ட வேண்டும். ஒருமுறை குடித்து முடிக்கும் வரையிலான வாழ்வைத் தவிர வேறெதுவும் இதற்கு விதிக்கப்படவில்லை என்பதை இதன் வடிவமே சொல்லிவிடுகிறது. அறிவார்ந்த வடிவமைப்பும் பேண்தகு வடிவமைப்பும் ஒன்றே என நாம் பேசிவருகிறோம். அவை இரண்டும் பிரிந்துசெல்லும் இடம் இப்பையே.

இப்பைக்கு முன்னோடி ஒன்று உண்டு; அதன் நினைவு மூத்தோரிடம் இன்னும் உள்ளது. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் காப்பிக்கடைகள், கெட்டிப்பால் டின்கள் காலியானதும் அவற்றைக் கழுவி, முழுவதும் அறுத்தெடுக்கப்படாத மேல்தகட்டை மூடியாக மடக்கி, துளையிட்டுக் கயிறு கோத்து, அவற்றில் காப்பி ஊற்றிக் கொடுத்தன. கடைக்குப் பாலோடு வந்த டின் கடையிலிருந்து காப்பியோடு வெளியேறியது. கலத்திற்கெனக் கடைக்காரர் தனியே எதையும் வாங்கவில்லை. வடிவமைப்பாளர் விக்டர் பாப்பனெக், பயன்படுத்திய தகர டின்னைக் கொண்டு அமைத்த எளிய வானொலி, 1971இல் வெளிவந்த அவரது நூலின் வழியாக உலகப் புகழ்பெற்றது. நம் காப்பிக்கடைகளின் டின்னை எவரும் நூலில் ஏற்றவில்லை. அதைச் செய்தோருக்குப் பெயருமில்லை. மிகையாகப் போற்றவும் வேண்டா: ஒரு டின் பாலில் பல குவளைக் காப்பி கலக்கலாம் ஆதலின், விற்கும் குவளைக்கொரு டின் ஒருபோதும் கிடைத்திராது. எல்லார்க்கும் டின் இல்லை என்னும் அந்த வரம்பே எஞ்சியோரைக் கடையில் அமர்ந்து குடிக்கவும், வீட்டிலிருந்து தூக்கு கொண்டுவரவும் செய்திருக்க வேண்டும். நெகிழிப்பை அவ்வரம்பை நீக்கியது. பொதி கட்டுதலுக்கு அதன்பின் எல்லையே இல்லாது போயிற்று.

தொழிலால் பெயர்பெற்ற கலம்

தூக்கு, அடுக்கு என்னும் கலப்பெயர்கள் இலக்கண ஆசிரியர்க்கு நன்கு தெரிந்த வகையின. தொழிற்பெயர் அத்தொழிலோடு தொடர்புடைய பொருளுக்கு ஆகிவருவது தொழிலாகுபெயர். தூக்கப்படுவது தூக்கு, அடுக்கப்படுவது அடுக்கு. கலத்தின் உலோகத்தையோ உருவத்தையோ தமிழ் பெயராக்கவில்லை. கையின் செயலையே பெயராக்கியது. மலாயில் இது ‘மங்கோக் திங்காட்’, அடுக்குக் கிண்ணம். பினாங்கின் புகழ்பெற்ற ‘நாசி கண்டார்’ சோற்றின் பெயரும் இத்தகையதே. தமிழ் முஸ்லிம் வணிகர்கள் தோள்தடியின் இருமுனைகளிலும் சோற்றையும் குழம்பையும் தொங்கவிட்டுச் சுமந்து விற்றதால், சுமக்கும் செயல் சோற்றுக்குப் பெயராயிற்று. தோட்டங்களில் பால் வாளிகளைச் சுமந்த ‘காண்டா’க் கம்பின் பெயரோடு இதற்குள்ள ஒலியொப்புமை மொழியியலார் கருதத்தக்கது.

அடுக்குத் தூக்கின் அமைப்பைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். மூன்று அல்லது நான்கு கிண்ணங்கள். மேற்கிண்ணத்தின் அடிப்பகுதி கீழ்க்கிண்ணத்தின் வாய்க்குள் சிறிது இறங்கி அமர்ந்து அதற்கு மூடியாகிறது. ஆகவே நான்கு கிண்ணங்களுக்கு ஒரே மூடி போதும். பக்கவாட்டுக் காதுகளின் வழியே செல்லும் சட்டம் கிண்ணங்களை நேர்கோட்டில் நிறுத்துகிறது. மேலுள்ள கொண்டியை அழுத்தி மாட்டியதும், தூக்கும் பிடியே இறுக்கும் கருவியாகவும் ஆகிவிடுகிறது. கனமான சோறு அடியில் இருப்பதால் கலம் தள்ளாடுவதில்லை. ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி நிற்பதால் காற்றுபடும் பரப்புக் குறைந்து சூடும் விரைவில் தணிவதில்லை. மேல்மூடி சில வகைகளில் உண்கலமாகவும் உதவும். சோறு, குழம்பு, பொரியல் என்னும் நம் உணவின் வகுப்பு கலத்தின் வகுப்பாகவே மாறியிருப்பதை இங்குக் காண்கிறோம். ஒரு கிண்ணம் நசுங்கினால் அதைத் தட்டிச் சீராக்கலாம். கொண்டி தேய்ந்தால் கொண்டியை மட்டும் மாற்றலாம். பித்தளைக் காலத்தில் உள்ளே ஈயம் பூசுதல் ஒரு தொழிலாகவே நடந்தது. பின்னர் ஐரோப்பாவிலிருந்து எனாமல் பூசிய, பூவேலைப்பாடுடைய தூக்குகள் வந்தன. பினாங்கின் பெரானாக்கான் குடும்பங்கள் அவற்றைப் போற்றிக் காத்தன. அதன்பின் அலுமினியம், எவர்சில்வர். உலோகம் மூன்று முறை மாறியும் அமைப்பு மாறவில்லை என்பது நோக்கத்தக்கது. மூலப்பொருளைவிட அமைப்பே முதன்மையானது என நாம் கூறுவதற்கு இஃதொரு சான்று.

சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் இணையர் 1958இல் இந்திய அரசுக்கு அளித்த அறிக்கையில், தாம் இந்தியாவில் கண்ட பொருள்களுள் செம்பையே தலையாயதாகப் போற்றினர். எந்தத் தனி மனிதரும் அதை வடிவமைக்கவில்லை. தலைமுறைகள் வடித்தன என்றனர். அது கையில் அமரும் விதம் முதல், பழையதாகி விற்கும்போது கிடைக்கும் மதிப்பு வரை அதைப் பற்றிக் கேட்கத்தக்க வினாக்களை அடுக்கினர். அவ்வறிக்கையின் விளைவாக 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றியது. ஆயினும் செம்பு தனித்து நிற்கும் பொருள். ஒருவர் கைக்குள் அதன் கதை முடிந்துவிடுகிறது. அவர்கள் தூக்கைத் தேர்ந்திருப்பின், பொருளோடு பொருளைச் சுமந்துசெல்லும் வழியையும், நிரப்பும் கையையும், காலியாக வாங்கிக்கொள்ளும் கையையும் பற்றி எழுத நேர்ந்திருக்கும். அழகியல் போற்றிய செம்பைக் காட்டிலும் தூக்கு கடினமான பாடம்.

பெயர் பொறித்தல்

தமிழர் வீட்டுப் பாத்திரங்களில் பெயர் வெட்டும் வழக்கத்தை நாம் சீர்வரிசைச் சடங்கின் ஒரு பகுதியாக மட்டுமே கருதிவந்துள்ளோம். அதுவும் ஒரு வடிவமைப்புக் கூறே. பெயர் பொறித்த கலம் வெளியே செல்லலாம்; எங்குச் சென்றாலும் யாருடையது என்பதை அதுவே சொல்லும். விருந்துக்குக் கொடுத்த குண்டான் மூன்று வீடு சுற்றியும் திரும்பிவருவது அதன் விளிம்பில் வெட்டிய முதலெழுத்துகளால்தான். மும்பையில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றிய டப்பாவாலா முறையும் இதே அடிப்படையில் நிற்பது. மூடியில் தீட்டிய எழுத்தும் எண்ணும் வண்ணமுமே கலத்தை அலுவலகத்திற்குக் கொண்டுசேர்த்து, அன்றே காலியாக வீட்டிற்கு மீட்டுத் தருகின்றன. பெருந்தொற்றுக்கு முன்னர் நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டு இலட்சம் கலங்கள் அவ்வாறு போய்வந்தன.

கீழடி, கொடுமணல் முதலிய இடங்களில் ஆட்பெயர் கீறிய பானையோடுகள் கிடைத்திருப்பதை அறிவோம். எழுத்தறிவின் பரவலுக்கு அவற்றைச் சான்றாகக் காட்டுகிறோம். எழுதப்பட்ட காரணத்தையும் சற்று எண்ணிப் பார்க்கலாம்: கலம் கைமாறும் என்பதாலன்றோ பெயர் தேவைப்பட்டது? எகிப்தின் செங்கடற்கரைத் துறையான குசைர் அல்-காதிமில் கண்டெடுக்கப்பட்ட பானையோடு ஒன்றில் தமிழ் பிராமி எழுத்தில் ‘பானை ஒறி’ என்றிருப்பதை ஐராவதம் மகாதேவன் படித்தறிந்தார். செய்தி 2007இல் வெளியாயிற்று. உறியில் தொங்கவிடும் பானை என்பது அவர் கொண்ட பொருள். காலம் ஏறத்தாழ கி.மு. முதல் நூற்றாண்டு. வாணிகச் சான்றாகவே பேசப்படும் இவ்விரு சொற்கள் கலமும் அதைத் தாங்கும் கயிற்றுவலையும் ஒரே பொருளாகக் கருதப்பட்டமையையும் காட்டுகின்றன. கடைத்தெருவில் நாரில் தொங்கும் தேநீர்ப் பைக்கும் உறியின் சாயல் உண்டுதான். ஆனால் அதன்மேல் எவரும் பெயர் எழுதுவதில்லை.

மாற்றுப் பொருள்களின் மயக்கம்

பினாங்கு மாநிலம் 2009 ஜூலையில் திங்கட்கிழமைகளில் இலவச நெகிழிப்பையை நிறுத்தியது. 2011 ஜனவரி முதல் நாள் தொடங்கி எல்லா நாள்களிலும் நிறுத்தியது. பைக்கு 20 காசு என்னும் சிறு கட்டணம் மக்களைச் சிந்திக்க வைத்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் கடைவாயிலில் சுமக்கும் பைக்கே இவ்விதி முதன்மையாகப் பொருந்தியது. தேநீரும் குழம்பும் ஏறும் மெல்லிய பை அதற்குள் சிக்காமல் நழுவிற்று. நடுவண் அரசு 2018இல் வெளியிட்ட, 2030க்குள் ஒருமுறைப் பயன்பாட்டு நெகிழியை ஒழிக்கும் வரைபடம் நோக்கத்தில் பெரியது. அதுவும் பெரும்பாலும் எந்தப் பொருளுக்கு மாற்றாக எந்தப் பொருள் என்னும் வினாவுக்குள்ளேயே இயங்குகிறது.

மாற்று என வந்த துணிப்பையைப் பார்ப்போம். பிரித்தானியச் சுற்றுச்சூழல் முகமையின் 2011ஆம் ஆண்டு ஆய்வு, பருத்திப் பை ஒன்றை 131 முறை பயன்படுத்தினாலன்றி மெல்லிய நெகிழிப்பையைவிடக் காலநிலைக்கு நலமானதாகாது என்றது. டென்மார்க்கின் சுற்றுச்சூழல் முகமை 2018இல் எல்லாச் சூழல் குறிகளையும் சேர்த்துக் கணக்கிட்டு, வழக்கமான பருத்திக்கு 7,100 முறை, இயற்கை வேளாண் பருத்திக்கு 20,000 முறை என்றது. ஓசோன் தொடர்பான ஒரே குறி அப்பெரிய எண்களுக்குக் காரணம். காலநிலையை மட்டும் கொண்டால் அவை 52, 149 எனக் குறையும். கடலில் சேரும் குப்பையை அக்கணக்கு எடுத்துக்கொள்ளவும் இல்லை. ஆகவே நெகிழியே மேல் என்று முடிவுகட்டுதல் பிழை. ஆனால் கருத்தரங்குதோறும் ஒரு துணிப்பை வழங்கி, வீட்டில் முப்பது பைகளைக் குவிக்கும் நம் பல்கலைக்கழக வழக்கத்திற்கு இவ்வெண்கள் நல்ல விடை. தமிழக அரசு 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கியபோது தேர்ந்த பெயர் நம் கருத்திற்கு அரண் செய்கிறது. ‘மீண்டும்’ என்பதே அதன் உயிர்ச்சொல். திருமணத் தாம்பூலத்தோடு வந்து, பல ஆண்டு உழைத்து, நாட்டுப்புறத்தாரின் அடையாளமென நகைக்கவும்பட்ட பை அது. எண்ணிக்கையில் ஒன்றாக இருந்ததே அதன் சிறப்பு.

சோறு மடிக்கும் பழுப்புத் தாளும் இத்தகைய மயக்கத்தையே தருகிறது. பார்வைக்குத் தாள், ஆனால் எண்ணெய் கசியாதிருக்க உட்புறம் பெரும்பாலும் நெகிழிப்படலம் பூசப்பட்டிருக்கும். இரண்டும் பிரிக்க இயலாதவாறு ஒட்டியிருப்பதால் அது தாளோடும் சேராது, நெகிழியோடும் சேராது. தாளின்மேல் வைக்கப்படும் வாழையிலைத் துண்டு மட்டுமே அப்பொதியில் நேர்மையான உறுப்பு.

கழுவும் கை

தூக்கைப் புகழ்வோர் வழக்கமாகச் சொல்லாமல் விடும் ஒன்றை இங்குச் சொல்லியாக வேண்டும். மீண்டுவந்த கலத்தை எவரோ கழுவ வேண்டும். தோட்டத்தில் விடியுமுன் எழுந்து சோறாக்கித் தூக்கில் அடைத்து, தாமும் பால்மரம் வெட்டச் சென்று, திரும்பிவந்து அதே தூக்கை விளக்கியவர்கள் பெண்கள். கலத்தின் பேண்தகைமை அவர்களுடைய ஊதியமற்ற உழைப்பின்மேல் நின்றது. ஆயர் ஈத்தாமின் அடுக்ககங்களில் வாழ்ந்து, இரு வேலைகளுக்கிடையே பிள்ளைகளுக்கு உணவு கொண்டுசேர்க்கும் ஒரு தாய் புங்குஸ் வாங்குவதைப் பண்பாட்டு வீழ்ச்சி எனப் பழிப்பது எளிது. அப்பை அவருக்கு அரைமணி நேரத்தை மீட்டுத் தருகிறது என்பதையும் திறனாய்வு கணக்கில் கொள்ள வேண்டும். தூக்கின் வடிவமைப்பில் தீர்க்கப்படாத சிக்கல் இதுவே. அதைப் பாத்திரத்திற்குள் தேடிப் பயனில்லை. கழுவுதல் கடையின் பொறுப்பாகும் இடங்களில் நிலைமை மாறுகிறது. மாதக் கணக்கில் வீடுகளுக்குத் தூக்கில் உணவு அனுப்பும் சமையற்காரர்கள் பினாங்கில் இருந்துவந்துள்ளனர். அவர்களின் தூக்குகள் இரட்டைப்படையாக இருக்கும். இன்றையது வரும்போது நேற்றையது போகும். இறங்கும் பெட்டி ஏறும் பெட்டியை இழுப்பது போன்ற ஏற்பாடு.

2020இல் பெருந்தொற்றின்போது வாடிக்கையாளர் கொணரும் பாத்திரங்களை ஏற்பதை உலகெங்கும் பல கடைகள் நிறுத்தின. அச்சம் நீங்கிய பின்னும் தயக்கம் முழுதும் நீங்கவில்லை. அளவு பற்றிய தயக்கமும் அதில் கலந்துள்ளது. கடைக்காரரின் விலை அவருடைய பையின் அளவிற்கு ஒட்டியது. நாம் நீட்டும் தூக்கின் கொள்ளளவை அவர் அறியார். நிரப்பினால் இழப்பு, குறைத்தால் மனக்குறை. பழைய தூக்குகளின் கிண்ணம் ஏறக்குறைய ஓர் ஆளுணவு என்னும் பொது அளவை யாரும் எழுதிவைக்காமலே கடைப்பிடித்தது. அந்த ஒப்பந்தம் கலைந்துபோனதே புதிய கலங்களின் பெருங்குறை.

இப்போது கடைகளில் ‘சூழல்நேய’ அடுக்குக் கலம் என்னும் பெயரோடு விற்கப்படுவனவற்றை நோக்கினால் இது விளங்கும். இரட்டைச் சுவர், வெற்றிடக் காப்பு, சிலிக்கோன் வளையம், பக்கப் பூட்டு. சூட்டைக் காப்பதில் இவை பழையவற்றை விஞ்சுகின்றன, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஒவ்வொரு நிறுவனத்தின் விட்டமும் வேறு. ஒன்றின் மூடி மற்றொன்றுக்குப் பொருந்தாது. இரட்டைச் சுவர் நசுங்கினால் தட்டிச் சீராக்க வழியில்லை. சிலிக்கோன் வளையத்தில் புளிக்குழம்பின் மணம் ஏறி, நாளடைவில் அது தளர்ந்து, கலம் ஒழுகத் தொடங்கும். வளையம் மட்டும் தனியே கிடைப்பது அரிது. எவர்சில்வர் உடல் இன்னும் ஐம்பது ஆண்டு உழைக்கக்கூடிய நிலையில் இருக்க, விரற்கடை அகல வளையத்திற்காக முழுக்கலமும் அலமாரியின் மேல்தட்டிற்குச் சென்றுவிடுகிறது. பெயர் வெட்டித் தரும் கருவியை இன்றும் வைத்திருக்கும் பாத்திரக் கடைகளிலும், இக்கலங்களின்மேல் பெயர் வெட்டித் தருமாறு கேட்போர் இல்லை.